பெர்னாருக்கு வேண்டாத இரண்டு வருடம்

காலை ஷிஃப்ட் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. புதுவாயல் கூட்டுரோட்டில் என்னை ஏற்றிக்கொண்ட கம்பெனி வேன், கேட் முன்னால் இறக்கிவிட்டுத் திரும்பியது. எதிர்ப்பக்கம் கன்னியம்மா அக்காவின் டீக்கடையில் பஜ்ஜிக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கடைக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு பெர்னார் உட்கார்ந்திருந்தார்.

மடியில் ஒரு அட்டை. மெஷின் பாகம் வந்த பெட்டியிலிருந்து கிழித்தது. அதில் மார்க்கரால் பிரெஞ்சில் ‘வேலைநிறுத்தம்’ என்று எழுதியிருந்தார். பக்கத்தில் கொடி இல்லை, கோஷம் இல்லை, கூட்டாளி இல்லை. ஒரு வெள்ளைக்காரர், ஒரு அட்டை, அவர் ஷூவை முகர்ந்து பார்க்கும் ஒரு தெருநாய். அவ்வளவுதான் போராட்டம்.

“பெர்னார், என்ன இது? இன்றைக்கு டிரையல் ரன். பாரிஸ் டைரக்டர் மதாம் உள்ளே வந்தாயிற்று” என்றேன்.

“இன்று நான் ஸ்டிரைக்” என்றார், பல்வலி என்று சொல்கிற மாதிரி.

“கம்பெனியோடு என்ன சண்டை?”

“கம்பெனியோடு ஒன்றுமில்லை. பிரான்ஸோடு.”

எனக்குத் தலை சுற்றியது. பிரான்ஸோடு சண்டை போட உலகத்தில் எத்தனையோ இடம் இருக்கும்போது, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், அதுவும் கன்னியம்மா அக்கா கடை வாசலில்தான் போட வேண்டுமா? அதுவும் இன்றைக்கா?

இன்றைக்கு உள்ளே அந்த பிரெஞ்சு மெஷின் ஓடவில்லை என்றால் பெர்னாருக்கு ஒன்றும் ஆகாது. கம்பெனிக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது, நாளைக்கு ஓட்டிக்கொள்வார்கள். போவது ஒரே ஒரு மனிதருடைய வேலை. அவர் பெயர் முனுசாமி. அவர் உள்ளே மெஷின் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தார்.

மார்க்குக்காகப் படித்த மொழி

போன வாரம் நான் மொழிபெயர்ப்பாளர் என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், “திருவள்ளூர்க்காரிக்கு பிரெஞ்சு எப்படி வந்தது, புதுச்சேரியில் சொந்தமா?” என்று கேட்டிருக்கிறார். சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. பிளஸ் டூவில் தமிழ் எடுத்தால் மார்க் குறையும், பிரெஞ்சு எடுத்தால் அள்ளிப் போடுவார்கள் என்று டியூஷன் சார் சொன்னார். எங்கள் அப்பா கோர்ட்டில் குமாஸ்தா, மார்க் விஷயத்தில் சமரசமே கிடையாது. அப்படித்தான் எனக்கு பிரெஞ்சு வந்தது.

மார்க்கும் வந்தது. மெடிக்கல் மட்டும் வரவில்லை. மிச்சமிருந்தது பிரெஞ்சு ஒன்றுதான் என்பதால் அதையே பிடித்துக்கொண்டு பி.ஏ., எம்.ஏ. என்று போனேன். இன்றுவரை சோறு போடுவது அதுதான். நாள் கூலி மொழிபெயர்ப்பாளர். எந்தக் கம்பெனி கூப்பிட்டாலும் போவேன். பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது, ரிட்டையர்மென்ட் என்று ஒன்று இருப்பதாகவே எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு ஒரு பழைய மெஷின் பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்தது. அதைப் பொருத்தி, ஓட்டிக் காட்ட ஒரு ஆளும் வந்தார். அவர் பேசும் ஆங்கிலம் எங்கள் ஊர் ஆட்டோக்காரர் பேசும் ஆங்கிலத்தைவிட மோசம். ஆகவே என்னைக் கூப்பிட்டார்கள். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாக பஸ், புதுவாயலில் வேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

மச்சானின் கோபம்

பெர்னாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அறுபதைத் தொட்டவர். தொப்பை, நரை மீசை, நாளெல்லாம் ஒரு சலிப்பு. பிரான்ஸின் வடக்கே ஏதோ ஒரு சின்ன ஊரில் இதே கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. அதை மூடிவிட்டார்கள். அங்கே வாழ்நாளெல்லாம் அவர் ஓட்டிய மெஷினைக் கழற்றிப் பெட்டியில் போட்டு இங்கே அனுப்பினார்கள். பின்னாலேயே அவரையும் அனுப்பினார்கள், அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க. தன் வேலையைத் தானே பார்சல் கட்டி அனுப்பிவிட்டு, வந்து பிரித்தும் கொடுக்கிற ஆள்.

“அங்கே எல்லோரும் கோபமாக இருக்கிறார்கள்” என்பார். பெட்ரோல் விலைக்குக் கோபம், மருத்துவமனையில் டாக்டர் இல்லை என்று கோபம், கரண்ட் பில்லுக்குக் கோபம். அவருடைய அப்பா சிவப்புக் கட்சி. இவரும் சிவப்புக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் விட்டுவிட்டார். “நான் யாருக்காகவும் ஓட்டுப் போட்டு ரொம்ப வருடம் ஆயிற்று. எல்லாம் யாரையாவது எதிர்த்துத்தான்” என்றார். ஜெயிக்க வைத்த ஆளை மறுநாள் காலையிலிருந்து திட்ட ஆரம்பிப்பார்களாம். எனக்கு அதில் ஒன்றும் புதுமையாகத் தெரியவில்லை.

அவருடைய மச்சான் கதைதான் எனக்குப் பிடித்தது. தங்கை புருஷன். அவனுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை போயிற்று. அவன் இப்போது, வெளிநாட்டுக்காரன்தான் நம் வேலையைப் பிடுங்கிக்கொண்டான் என்று சொல்லும் கட்சியில் இருக்கிறானாம். பெர்னார் இந்தியாவுக்குப் போகிறார் என்று தெரிந்ததும், ‘திருடனுக்கே போய்ச் சாவியைக் கொடுக்கிறாயா’ என்று கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

ஒருநாள் கேன்டீனில் முனுசாமி அண்ணா எதிரில் உட்கார்ந்து, பக்கத்து ஷெட்டைக் காட்டிப் புலம்பினார். “ஃபுல்லா இந்திக்காரனுங்கம்மா. நம்ம பசங்க வேலைய மொத்தமா புடுங்கிக்கினானுங்க. பேஜாரா கீது.”

பெர்னார், என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, “என் மச்சான் இதையேதான் சொல்கிறான், வார்த்தை மாறாமல்” என்றார். அதை முனுசாமி அண்ணாவிடம் சொன்னேன்.

“கரெக்டாத்தான் சொல்லிக்கிறான் அந்தாளு. யார சொல்றானாம்?”

“உங்களத்தான்ணா.”

“என்னையா! நான் அவன் ஊர் பக்கமே போனது இல்லியேம்மா?”

“நீங்க போகல. வேல இங்க வந்துடுச்சி இல்ல?”

முனுசாமி அண்ணா சோற்றைப் பிசைந்தார். அப்புறம் இந்திக்காரர்கள் பேச்சை விட்டுவிட்டு சாம்பாரில் உப்பில்லை என்று கேன்டீன்காரரைத் திட்ட ஆரம்பித்தார்.

வாத்தியார் போட்ட வயசு

முனுசாமி அண்ணா சீனியர் ஃபிட்டர். அடக்கமெல்லாம் கிடையாது. ஷெட்டில் ஒரு போல்ட் முறுகினாலும் தன்னால்தான் முறுகியது என்பார். தலைக்கும் மீசைக்கும் டை அடித்து, மெஷின் கிரீஸைவிடக் கருப்பாக வைத்திருப்பார். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. கம்பெனி விதிப்படி ரிட்டையர்மென்ட்.

அவர் சொல்லும் கணக்கு வேறு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயசு பத்தவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார்கள். எட்டவில்லை. அவருடைய அம்மா கெஞ்சியதும், வாத்தியார் தாராள மனசோடு இரண்டு வயதைக் கூட்டி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பாதி ஜனம் ஜூனில் பிறந்தது இப்படித்தான். என் மாமனாரும் ஜூன்தான்.

“எனக்கு நெசமா அம்பத்தாறுதாம்மா. என் ரெண்டு வருசத்த வாத்தியார் துன்னுட்டாரு. அத குடுத்துட்டா நான் பாட்டுக்குப் போயிடுவேன்” என்பார்.

அதை அவர் கேட்ட இடம் எச்.ஆர். மேனேஜர் ஜெகதீசனிடம். சர்டிஃபிகேட்டில் இருப்பதுதான் வயசு என்று ஜெகதீசன் சொல்லிவிட்டார். அது சரிதான். ஆனால் சொன்ன விதத்தில் வேறொன்று இருந்தது. இரண்டு பேரும் புதுவாயலுக்கு உள்ளே தள்ளி ஒரே கிராமம். ஜெகதீசன் வீட்டு நெல் வயலில் முனுசாமி அண்ணாவின் அப்பா கூலிக்கு இருந்தவர். ஊரில் ஜெகதீசன், தன் அப்பா வயது ஆளை, “இன்னா முனுசாமி” என்பார். கேட்டுக்குள் வந்தால் “முனுசாமி சார்”. சார் போட வேண்டும் என்பது கம்பெனி விதி.

பெர்னார் வந்த பிறகு அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. பிரெஞ்சுத் தொழிற்சாலைகளில் காலையில் வந்ததும் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கை கொடுக்க வேண்டுமாம். ஒருவரை விட்டுவிட்டால் அவருக்குக் கோபம் வரும், மத்தியானம் வரைக்கும் பேச மாட்டார். பெர்னார் இங்கேயும் அதையே செய்தார். ஃபிட்டர், ஹெல்ப்பர், கூட்டுகிற அம்மா, எல்லோருக்கும் போன்ஜூர், எல்லோருக்கும் கை. கையில் கிரீஸ் என்று யாராவது பின்வாங்கினால் மணிக்கட்டைப் பிடித்துக் குலுக்குவார். இதைப் பார்த்த பிளான்ட் மேனேஜர், அடடா நல்ல பழக்கமாயிருக்கிறதே என்று ஆபீசர்கள் எல்லோரும் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். அன்றிலிருந்து ஜெகதீசனும் தினமும் காலையில் ஷெட்டுக்கு வந்து ஒவ்வொருவருக்காகக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

முனுசாமி அண்ணாவின் விஷயத்தில் பிளான்ட் மேனேஜர் ஒரு வழி சொல்லியிருந்தார். பாரிஸிலிருந்து டைரக்டர் மதாம் ஒருநாள் வருகிறார். டிரையல் ரன்னை முனுசாமி ஓட்டட்டும், நன்றாக ஓடினால் மதாமிடமே எக்ஸ்டென்ஷன் கேட்டுவிடலாம். மதாம் அன்று மாலையே சென்னையிலிருந்து விமானம் ஏறுகிறார். மாதம் முடிய மிச்சமிருந்தது சொற்ப நாள். முனுசாமி அண்ணா அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அந்த நாளைப் பார்த்துத்தான் பெர்னார் நாற்காலியைப் போட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே ஒரு போராட்டமா?

பிரான்ஸில் அப்போது ஓய்வு வயதை இரண்டு வருடம் தள்ளிப்போட அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்தது. ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. ரயில் ஓடவில்லை, பாரிஸில் குப்பை மலையாகக் குவிந்து கிடந்தது. (கடைசியில் சபையில் ஓட்டெடுப்பே வைக்காமல் அந்தச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார்கள். அன்றைக்கு பெர்னார் சொன்ன வார்த்தைகளை இந்த வாரப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.) அன்று நாடு முழுக்க வேலைநிறுத்தம். பெர்னாரின் சங்கமும் அழைத்திருந்தது. கும்மிடிப்பூண்டியில் இருந்தால் சங்கம் இல்லையென்று ஆகிவிடுமா?

ஜெகதீசன் கேட்டைத் தாண்டி வந்து, என்னிடம் மெதுவாகச் சொன்னார். “மேடம், இப்ப அங்க மணி என்ன? இன்னும் விடியவே இல்ல. ஸ்டிரைக்கே ஆரம்பிக்கல. அதுக்குள்ள மெஷின ஓட்டிட்டு வந்து உக்காரச் சொல்லுங்க.”

சொன்னேன். “சம்பளம் இந்திய மணிப்படி கொடுக்கிறீர்கள். ஸ்டிரைக்கும் இந்திய மணிப்படிதான்” என்றார் பெர்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. நம் ஊரில் ஒரு மனிதர் தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது உண்ணாவிரதம். யாரோ பந்தல் துணியைக் கொண்டுவந்து மரத்துக்கும் டீக்கடைக்கும் நடுவே கட்டினார்கள். அந்த வழியாக பைக்கில் போன ஒரு கட்சிக்காரர் எந்தக் கட்சி, என்ன கோரிக்கை என்று எதுவும் கேட்காமல் வண்டியில் தயாராக வைத்திருந்த சால்வையை எடுத்துப் போர்த்தி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வெயிலில் பெர்னாருக்கு அது கம்பளி.

பதினோரு மணி வாக்கில் பெர்னாருக்குப் பசித்தது. கன்னியம்மா அக்காவிடம் பஜ்ஜியைக் காட்டினார். அக்கா தட்டை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“இன்னாம்மா இந்தாளு! உண்ணாவிரதத்துல குந்திக்கினு பஜ்ஜி கேக்கறாரு? பாக்கறவங்க காறித் துப்ப மாட்டாங்க? சாயந்திரம் வரைக்கும் பொறுத்துக்கினு இருக்கச் சொல்லு, நானே எலுமிச்சம்பழ ஜூஸு போட்டுத் தரேன்.”

நான் பெர்னாரிடம் விளக்கினேன். அவர் அதிர்ந்துபோனார். அவர்கள் ஊரில் ஸ்டிரைக் என்றாலே கேட் வாசலில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவார்களாம், ஒயின் வருமாம், பக்கத்து ஊரிலிருந்து ரொட்டி வருமாம். “சாப்பிடாமல் எப்படிப் போராடுவது? பட்டினி போடுவது முதலாளியின் வேலை. அதை நாமே செய்துகொள்வதா?” என்றார். அதை அக்காவிடம் சொன்னேன்.

“துன்னுக்கினே ஒரு போராட்டமா?” என்று அக்கா மூக்கில் விரலை வைத்தார். பஜ்ஜி மட்டும் தரவில்லை.

அப்போதுதான் முனுசாமி அண்ணா கேட்டிலிருந்து வெளியே வந்தார். புதுச் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

“இன்னாம்மா பண்ணிக்கினு கீறான் அவன்? மதாம் மெஷின சுத்தி சுத்தி வந்துக்கினு கீறாங்க. இவன் இல்லாம ஆன் பண்ணக் கூடாதுன்னு ஜெகதீசன் சார் சாவிய வாங்கி வச்சிக்கினாரு. எதுக்கு குந்திக்கினு கீறான்?”

“அவங்க ஊர்ல ரிட்டையர் ஆவறத ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டுட்டாங்களாம்ணா. இன்னும் ரெண்டு வருஷம் வேல செய்யணும். அது வேணாம்னு ஸ்டிரைக்கு.”

முனுசாமி அண்ணா என்னைப் பார்த்தார், பெர்னாரைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமா, சிரிப்பா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

“வேணாமாமா? சும்மா குடுக்கற ரெண்டு வருசத்த வேணாம்றானா? அவனுக்கு வேணாம்னா அத எனக்குக் குடுக்கச் சொல்லும்மா!”

அப்படியே மொழிபெயர்த்தேன். பெர்னார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காதைத் தொட்ட கதை, வாத்தியார் கதை, எக்ஸ்டென்ஷன் கதை, எல்லாவற்றையும் கேட்டார். அதற்கு முன் யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. “என் இரண்டு வருடத்தை அரசாங்கம் திருடுகிறது, இவருடையதை வாத்தியார் திருடிவிட்டாரா?” என்று எழுந்து, அட்டையைத் திருப்பி, மார்க்கரை எடுத்துப் பெரிதாக எழுத ஆரம்பித்தார். இரண்டாவது கோரிக்கை: முனுசாமியின் இரண்டு வருடத்தைத் திருப்பிக் கொடு.

“இன்னா எழுதறான்?”

“உங்க பேரத்தான்ணா.”

“அய்யய்யோ! என் பேர எழுதாதடா டேய்! இருக்கறதும் பூடும்டா!” என்று அண்ணா அட்டையைப் பிடுங்கப் பார்த்தார். பெர்னார் விடவில்லை. ஸ்டிரைக் என்றால் கோரிக்கை வேண்டும், கோரிக்கைக்கு ஒரு பெயர் வேண்டும் என்றார். இரண்டு பேரும் அட்டையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, கேட் திறந்து மதாம் வெளியே வந்தார்.

மதாம் கேட்ட கேள்வி

ஜெகதீசனுக்கு முகம் வெளிறிவிட்டது. பாரிஸ் டைரக்டர் முன்னால் கேட்டில் ஸ்டிரைக். ஆனால் மதாம் சிரித்தபடி வந்து பெர்னாருக்குக் கை கொடுத்தார். எனக்குக் கொடுத்தார். முனுசாமி அண்ணாவுக்கும் கொடுத்தார். பிரெஞ்சு முதலாளிகளுக்கு ஸ்டிரைக் என்பது மழை மாதிரி போலிருக்கிறது. வந்தால் குடை பிடிப்பார்கள், வருத்தப்பட மாட்டார்கள்.

“சட்டம் சரிதான் என்பது என் கட்சி. என் கணவர் இன்று பாரிஸ் ஊர்வலத்துக்குப் போகிறார். நான் திரும்பிப் போனால் வீட்டில் பேச்சு இருக்காது” என்றார். பெர்னார், உங்கள் கணவர் நல்லவர் என்றார். ஆளுக்கு ஒரு சிகரெட் பற்ற வைத்துக்கொண்டார்கள். ஜெகதீசன் இதையெல்லாம் பார்த்து, எந்த உலகத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் நின்றார்.

பிறகு மதாம் அட்டையைப் படித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னொரு முறை சொல்லுங்கள். இவரை சீக்கிரம் ஓய்வு பெற விடவில்லையா?”

“இல்லை மதாம். விடுகிறார்கள். அதுதான் பிரச்சினை.”

“இவருக்கு இன்னும் வேலை செய்ய வேண்டுமா?”

“ஆமாம்.”

மதாம் பெர்னாரைப் பார்த்தார். பெர்னார் தோளைக் குலுக்கினார். முதலாளி, தொழிலாளி இருவரும் ஒன்றாகத் திகைத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். “ஏன் என்று கேளுங்கள்” என்றார் மதாம்.

கேட்டேன். பதில் எனக்கே தெரியும் என்று நினைத்தேன். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குப் படிப்பு, வீட்டுக் கடன். அதற்கான பிரெஞ்சு வார்த்தைகளை மனசுக்குள் எடுத்தும் வைத்துவிட்டேன்.

“பொண்ணக் குடுத்துட்டேம்மா. பையன் சம்பாதிக்கறான். ஊட்ல கொற ஒண்ணும் இல்ல” என்றார் முனுசாமி அண்ணா. வழக்கமான சத்தம் அவர் குரலில் இல்லை. “இந்த பெர்னாரு வந்ததுலேருந்து தெனம் காலைல எனக்குக் கை குடுக்கறாங்க. இவரு மட்டும் இல்ல, எல்லா ஆபீசரும். எங்க ஊர்ல இத்தினி வயசுக்கு என் கைய எவனும் தொட்டது இல்ல. தண்ணி குடுத்தா, குடிக்காம கீழ வச்சிட்டுப் போற ஊரு. யாருன்னு பேரு சொல்ல மாட்டேன், இங்கயேதான் நிக்கறாங்க. இங்க வந்தா அவங்களே வந்து கைய நீட்றாங்க. கேட்டத் தாண்டிட்டா அது முடிஞ்சி பூடும். இன்னும் ரெண்டு வருசம் தெனம் அத வாங்கிக்கினு போறேன்னு சொல்லும்மா. வேற இன்னாத்துக்கு?”

அழுதேன், அதில் என்ன வெட்கம். அழுதுகொண்டேதான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை, சேர்க்கவுமில்லை. தண்ணீரை ஏன் கீழே வைத்தார்கள் என்று மதாம் கேட்டார். அதையும் சொன்னேன். ஜெகதீசன் தன் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் திரை எரியக்கூட இல்லை.

மதாம் சிகரெட்டை அணைத்தார். “இரண்டு வருடம் கொடுங்கள்” என்றார் ஜெகதீசனிடம், ஆங்கிலத்தில், சுருக்கமாக.

புராசஸ்

“ஷ்யூர் மேடம். புராசஸ் பண்ணிடறோம்” என்றார் ஜெகதீசன்.

நம் ஊர் ஆபீசில் ஒருநாளாவது வேலை பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். மதாம் விமானம் ஏறுவார். ஃபைல் மேஜையில் படுக்கும். அப்ரூவல் மெயில் போயிருக்கிறது என்பார்கள், பாரிஸில் லீவு என்பார்கள். மாதம் முடியும். மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, ஜெகதீசனே முதல் ஆளாகக் கை தட்டுவார். எனக்குத் தெரிந்தது முனுசாமி அண்ணாவுக்குத் தெரியாதா?

மதாமுக்குத் தெரியவில்லை. மெஷினை நாளைக்கு ஓட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்தது என்று அவர் காரை நோக்கித் திரும்பினார். டிரைவர் கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

முனுசாமி அண்ணா தொப்பென்று விழுந்தார். புதுச் சட்டையோடு, அந்தப் புழுதியில், நெடுஞ்சாண்கிடையாக. விழுந்ததோடு நிற்கவில்லை. மதாமின் இரண்டு கணுக்காலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மதாம் அலறிவிட்டார். “இவருக்கு என்ன ஆயிற்று? மாரடைப்பா?”

“நன்றி சொல்கிறார், மதாம்.”

“போதும் என்று சொல்லுங்கள்!”

பெர்னாருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சால்வை தோளிலிருந்து சரிய ஓடிவந்து, அண்ணாவின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தார். “எழுந்திரு! மனிதன் மனிதன் காலில் விழுவதா? கை கொடுக்க வேண்டும் என்று கேட்டது நீதானே!” என்று கத்தினார். அண்ணா அசையவில்லை. பிடியும் தளரவில்லை. மதாம் ஒரு காலை எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. மறு காலையும் பார்த்தார். கன்னியம்மா அக்கா கரண்டியோடு கடையை விட்டு வெளியே வந்துவிட்டார். கேட் உள்ளே ஷிஃப்டில் பாதி ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் குனிந்து, “அண்ணா, எந்திரிங்கண்ணா. குடுக்கறேன்னு சொல்லிட்டாங்க இல்ல?” என்றேன்.

மண்ணில் முகத்தை வைத்தபடியே அவர் பேசினார். குரலில் கண்ணீரும் இல்லை, உருக்கமும் இல்லை. மெஷினுக்கு அளவு சொல்கிற குரல்.

“சொன்னாப்ல ஆச்சாம்மா? ஆர்டர அடிச்சி எடுத்துக்கினு வரச் சொல்லு. கையெழுத்துப் போடட்டும். அப்பால எந்திரிக்கறேன்.”

அதை நான் பிரெஞ்சில் சொன்னேன். பெர்னார் தூக்குவதை நிறுத்தினார். மதாமின் கால்களைப் பார்த்தார், அதைச் சுற்றிய கைகளைப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எங்கள் ஊரில் இதற்கு முதலாளியை அறைக்குள் வைத்துப் பூட்டுவோம், இவருக்குப் பூட்டுகூட வேண்டியிருக்கவில்லை என்று மதாமிடமே சொன்னார். மதாமுக்குச் சிரிப்பு வரவில்லை. விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“மிஸ்டர் ஜெகதீசன்! அந்தக் காகிதத்தை இப்போதே கொண்டுவாருங்கள். இப்போதே!”

ஜெகதீசன் திரும்பி வேகமாக நடந்தார். மதாம் மறுபடி கத்தினார். நடை ஓட்டமானது. கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டு முதுகுப் பக்கம் பறக்க, கேட்டைத் தாண்டி, ஷெட்டைத் தாண்டி, ஆபீஸ் படிக்கட்டை நோக்கி அவர் ஓடினார். கம்பியைப் பிடித்து நின்ற ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கீழேயிருந்து முனுசாமி அண்ணா கேட்டார். “யாரும்மா போறது?”

“ஜெகதீசன் சாருண்ணா.”

“ஓடறானா?”

“ஓடறாருண்ணா.”

“ஓடட்டும்” என்றார், கையை விடாமல். “நல்லா ஓடட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”